அணில் சொன்ன கணக்கு

வெண்டல் பிக்ஸ்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிராட்டில்வுட் கல்லூரியில் கேள்விகளுக்கென்று ஏழு அலுவலகங்கள் இருந்தன. ஆகவே ஒரு சனிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்று அவர் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை.

ஒஹாயோவில் அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் நின்றுபோகும் கார்களையெல்லாம் இழுத்துப்போவது வெண்டலின் தொழில். சொந்தமாக ஒரு பச்சை இழுவை டிரக் வைத்திருந்தார். எதை வாங்கினாலும், கொக்கியோ சங்கிலியோ பழைய எஞ்சினோ, கடைக்காரனிடம் அவர் கேட்பது இதுதான்: "எவ்வளவு குடுக்கணும்? அதை வெச்சு எவ்வளவு வரும்?" கடைக்காரன் பதில் சொல்வான். பிடித்தால் வாங்குவார், இல்லாவிட்டால் நடையைக் கட்டுவார்.

இப்போது அவர் வாங்க வந்திருப்பது மகள் கோராவுக்கு நான்கு வருஷத் தகவல் தொடர்பியல் பட்டம். கல்லூரி தாராள மனசோடு கொடுத்த உதவித்தொகையெல்லாம் கழித்தும் கடன் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் டாலர். பாதி கோரா பேரில், பாதி அவர் பேரில். தராசுத் தட்டில் வைத்தால் புத்தம்புது இழுவை டிரக் ஒன்று, அதுவும் பின்பக்கம் தானே தூக்கித் தானே இறக்குகிற வகை.

"கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு" என்று மனைவி ஜோலின் காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. "கேக்காம அவங்க குடுக்கிற காலேஜ் பனியனை மட்டும் வாங்கிட்டு வந்து நின்னே, உன்னை வாசல்லயே நிக்க வெப்பேன்."

டிரக்கில் வரும்போது கோரா கால் தரையில் பாவாமல் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் தினமும் காலை அறிவிப்பு வாசிப்பவள் அவள். "இன்று மதியம் பீட்சா. கூடைப்பந்துப் பயிற்சி ரத்து" என்று அவள் சொல்வதைக் கேட்க, வகுப்புக்கு வராத பையன்கள்கூட வருவார்கள் என்று பள்ளி முதல்வரே சொல்லியிருக்கிறார்.

"அப்பா, அங்க வந்து உன் கொக்கி சங்கிலிக் கதையெல்லாம் எடுக்காத, ப்ளீஸ்."

"ஒரே ஒரு கேள்விதான்டா கண்ணு."

"அந்தக் கேள்விதான் வேணாங்கிறேன். மத்த அப்பாம்மாவெல்லாம் அழுவாங்களாம். நீயும் கொஞ்சம் அழுதுடேன். அது போதும்."

கல்லூரி வாசலில் கார் நிறுத்த இடமே இல்லை. ஒரு காவலாளி கையைக் காட்டிய இடத்தில், பிரதான வாயிலுக்குக் குறுக்கே, வெண்டல் டிரக்கை நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டியில் வந்தவர் கட்டடம் கட்ட வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கல்லூரியில் எப்போதும் ஏதாவது கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெருமைமிகு பெற்றோர்' என்று அச்சாகியிருந்தது. கோராவுக்கு ஆரஞ்சுப் பனியன் கொடுத்து, கன்னத்தில் ஓர் அணிலை வரைந்து, மாணவர் வரிசையில் சேர்த்து எங்கோ அழைத்துப் போய்விட்டார்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்தால் முடிவெடுப்பதில் குழப்பம் வருகிறது என்று கல்லூரி ஆய்வு செய்து கண்டுபிடித்திருந்தது.

நாலு மணிக்கு மணியடிப்பு. அதுதான் அன்றைய பெரிய சடங்கு. புல்வெளி மேடையில் ஒரு வெண்கல மணி தொங்கும். பெற்றோர் கையெழுத்துப் போடுவார், பிள்ளை கயிற்றை இழுக்கும், மணி அடிக்கும், ஊரே கைதட்டும். அப்புறம் கல்லூரிச் சின்னமான ஆறடி உயர அணில் வந்து எல்லோரையும் கட்டிப்பிடிக்கும். மணி அடித்த பிறகு பின்வாங்கியவர்கள் யாரும் இல்லை. அத்தனை பேர் கைதட்டிய பிறகு யார் பின்வாங்குவார்கள்?

வெண்டலைச் சுற்றிக் காட்ட டோபி என்கிற இளைஞன் சிறிய மின்சார வண்டியோடு வந்தான். வாயெல்லாம் பல். பாறையேறும் சுவரைக் காட்டினான். மிதவை மெத்தைகள் போட்ட நீச்சல்குளத்தைக் காட்டினான். அதில் படுத்துக்கொண்டே மாணவர்கள் யோசிப்பார்களாம்.

"தம்பி, நீ என்ன படிச்ச?" என்றார் வெண்டல்.

"கம்யூனிகேஷன்தான் சார்! போன வருஷம் முடிச்சேன். துறைசார் வேலையில இருக்கேன்."

"எங்க?"

"இங்கதான். நீங்க கேக்குறீங்க, நான் பேசுறேன். இதுதானே சார் தொடர்பு?"

"நல்லது. அப்ப ஒண்ணு சொல்லு. படிச்சு முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும், எவ்வளவு கடன் இருக்கும்?"

டோபி அழகாகச் சிரித்தான். வண்டியை வளைத்துத் திருப்பினான். "அதோ பாருங்க சார், நம்ம நூலகம். அதுக்குள்ள ஒரு அருவி இருக்கு."

"நீ பதில் சொல்லலையே?"

"அது மேற்படிப்புல வரும் சார்."

வழியில் அந்த ஆறடி அணில் குழந்தைகளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் தலையணை அளவுக்குப் பஞ்சடைத்த ஓக் மரக்கொட்டைப் பொம்மை. பின்னால் முழு நீள வால், யார் காலிலாவது மாட்டிக்கொண்டே இருந்தது.

"உள்ள இருக்கிறது யாரு?"

"எங்க சீனியர் சார். கம்யூனிகேஷன்ல தங்கப் பதக்கம்" என்று டோபி குரலைத் தாழ்த்தினான். "வேஷத்துக்குள்ள இருக்கும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஜனங்க முன்னாடி தலையைக் கழட்டவே கூடாது. பேசினா அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிடும். எல்லாக் காலேஜ்லயும் அதான் சட்டம்."

"பேச்சுக் கலை படிச்சவனுக்குப் பேசாம இருக்கிற வேலையா?"

"ரொம்பப் போட்டி சார் அந்த வேலைக்கு."

*

பெரிய அரங்கில் துணைத் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் ஹேல் பேசினார். மாணவர்களைச் சேர்ப்பது அவர் பொறுப்பு. ஆனால் அந்தப் பெயரில் அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. அவர் பதவியின் பெயர் 'வாழ்க்கைப் பயணங்களுக்கான துணைத் தலைவர்'.

"எங்கள் தகவல் தொடர்பியல் பட்டதாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் நல்ல நிலையை அடைந்திருக்கிறார்கள்!" என்றார். கைதட்டல் அடங்கியதும் வெண்டல் கையைத் தூக்கினார்.

"நல்ல நிலைன்னா என்னங்க?"

"அருமையான கேள்வி! வேலை, மேற்படிப்பு, அல்லது இவற்றை நோக்கிய திறந்த மனம்."

"திறந்த மனம்னா வேலை தேடுறதா?"

"தேடியே ஆகணும்னு நாங்க கட்டாயப்படுத்துறதில்ல."

"சம்பளம் எவ்வளவுங்க வரும்?"

அரங்கில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த சின்னக் குழந்தையின் காதைப் பொத்தினாள். டாக்டர் ஹேல் மேடை விளிம்புக்கு வந்து, டோபி ஓடிவந்து காதில் சொன்ன பெயரைக் கேட்டுக்கொண்டு, நண்பனிடம் பேசுவதுபோல் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

"வெண்டல்... வெண்டல்னு கூப்பிடலாமில்லையா? ஒளிவுமறைவே இல்லாம சொல்றேன். ஒவ்வொரு வருஷமும் பழைய மாணவர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கேக்குறோம். சராசரி பிரமாதமா இருக்கு. சம்பளம் கம்மியா இருக்கிறவங்க பொதுவா போனை எடுக்கிறதில்ல. அவங்க அந்தரங்கத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அவங்களைக் கணக்குல சேக்குறதே இல்ல."

"எடுத்தவங்க எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேர். ரெண்டு பேருமே ரொம்ப உற்சாகமா பேசினாங்க. அதுல ஒருத்தர் தன் மாமனாரோட தொத்திறைச்சிக் கம்பெனிக்கு முதலாளி. தொடர்பு இல்லாம அந்த மாமனாரோட பொண்ணை அவர் கல்யாணம் பண்ணியிருக்க முடியுமா, யோசிச்சுப் பாருங்க!"

அரங்கம் யோசித்துப் பார்த்துக் கைதட்டியது.

வெண்டல் திருதிருவென்று விழித்தார். அவர் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்பட்டுவிட்டது என்றும், அது துறைத் தலைவருக்குப் போக வேண்டியது என்றும் ஒரு பெண் அவர் காதில் சொல்லி, கையில் ஒரு குக்கீயைத் திணித்தாள்.

துறைத் தலைவர் மெரிடித் ஆஷ்குரோஃப்ட்டின் அறையில் நாற்காலிகள் இல்லை. வட்டமாகப் பந்துகள் கிடந்தன. வெண்டல் ஒரு பந்தின் மேல் தடுமாறி உட்கார்ந்தார். கேள்வியைச் சொன்னார்.

"கடன்ங்கிற சொல்லை நாம கொஞ்சம் திறந்து பாக்கணும், மிஸ்டர் பிக்ஸ்பி" என்றார் மெரிடித். "கடன் ஒரு உரையாடல். உங்களுக்கும் உங்க எதிர்காலத்துக்கும் நடுவுல நடக்கிற உரையாடல். மாசாமாசம், தவறாம, கடன் குடுத்தவங்களே உங்களைத் தொடர்பு கொள்வாங்க. ஒரு மாசம் நீங்க பேசலைன்னா அவங்க இன்னும் அதிகமாப் பேசுவாங்க. இதைவிட உயிரோட்டமான தொடர்பு எங்க இருக்கு?"

"சம்பளம்?"

"சம்பளம் ஒருவழித் தொடர்பு. வரும், போயிடும். ஆழமே கிடையாது."

"உங்க பிள்ளைங்களும் இதான் படிக்கிறாங்களா மேடம்?"

"என் பொண்ணு அரசாங்க யூனிவர்சிட்டியில நர்சிங். அவளுக்கு அவ்வளவா கற்பனை வளம் இல்ல, பாவம்" என்றார் மெரிடித், மனம் கசிந்து.

அங்கிருந்து வெண்டலைப் 'பெற்றோர் மனநலக் கூடத்துக்கு' அனுப்பினார்கள். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டவர்களை அங்கே அனுப்புவது வழக்கமாம். கூடத்தில் மெத்தைகளும் ஒரு வயதான பழுப்பு நிற நாயும் இருந்தன. நாய் வந்து வெண்டலின் மடியில் தலையை வைத்துக்கொண்டது. சுற்றிலும் நாலைந்து அப்பாக்கள். ஒவ்வொருவர் மடியிலும் தலை வைத்து எழுந்து, முறைவைத்து வந்துகொண்டிருந்தது அது. அந்தக் கல்லூரியில் அன்று நேர்மையாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் ஜோலின் போன் பண்ணினாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாய் குடுத்தாங்க."

"குடிச்சிருக்கியா?"

"எலுமிச்சை சர்பத்துதான் குடிச்சேன். ஜோலின், இங்க யாருமே கெட்டவங்க மாதிரி தெரியல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான்தான் ஏதோ அசிங்கமாப் பேசுறவன் மாதிரி ஆயிட்டேன். கோரா முகத்தைப் பாக்கணும் நீ. நான் வேணாம்னு சொன்னா வாழ்நாளெல்லாம் என்னை மன்னிக்க மாட்டா. கையெழுத்துப் போட்டா... வீட்டையும் சேத்து அடகு வெக்கணும்."

"கடைசியா ஒரு தடவை கேளு" என்றாள் ஜோலின். குரல் இறங்கியிருந்தது. "ஒரே தடவை. அப்புறம் உன் இஷ்டம்."

*

கடைசியாகக் கேட்ட இடம் கடன் அலுவலகம். வாசலில் 'கனவுத் துணை நிலையம்' என்று எழுதியிருந்தது. உள்ளே லின்னெட் போக் என்ற அம்மாள், பாட்டுப் பாடாத குறையாக வரவேற்றார்.

"சம்பளமா கடனான்னு எடை போட்டுப் பாக்கணும், அவ்வளவுதானே? அதுக்குத்தான் நாங்க இருக்கோம்!"

வெண்டலுக்கு உயிர் வந்தது. மேசை மேல் நிஜமாகவே ஒரு பெரிய தராசு இருந்தது. பளபளக்கும் பித்தளை. முன்னாள் மாணவர் ஒருவர் நன்கொடை.

லின்னெட் ஒரு தட்டில் 'கடன்' என்று எழுதிய சாக்குப்பையை வைத்தார். இன்னொரு தட்டில் ஒவ்வொன்றாக ஈயக்கட்டிகளை அடுக்கினார். "இது வாழ்நாள் நட்பு. இது தன்னம்பிக்கை. இது மறக்க முடியாத நினைவுகள், ரெண்டு கட்டி வெக்கலாம். இது ஆய்ந்தறியும் சிந்தனை."

தட்டு தடாலென்று கீழே போனது.

"பாத்தீங்களா! படிப்பு ஜெயிச்சிடுச்சு!"

"சம்பளத்தை இன்னும் வெக்கலையே அம்மா?"

"அந்தக் கட்டிக்கு ஆர்டர் குடுத்திருக்கோம். இன்னும் வரல."

"எப்ப குடுத்தீங்க?"

"நான் இங்க சேர்றதுக்கு முன்னாடியே."

எதைப் பார்த்தாலும் தூக்கிப் பார்ப்பது வெண்டலின் கைப்பழக்கம். 'கடன்' என்ற சாக்குப்பையை ஒற்றை விரலால் தூக்கினார். அது பறக்காத குறை.

"இதுக்குள்ள பஞ்சுதானே இருக்கு?"

"ஆமா சார்" என்றார் லின்னெட், ஒளிக்கவே இல்லை. "அசலா எடை வெச்சா மேசை தாங்காது. ஏற்கெனவே ரெண்டு மேசை உடைஞ்சு போச்சு."

*

மணி மூன்றே முக்கால். வெண்டல் உணவுக்கூடத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஓரிடத்திலாவது யாரும் சிரிக்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அங்கே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் அணில் உட்கார்ந்திருந்தது. வாலை மடியில் போட்டு, அதில் முள்ளும் புல்லும் எடுத்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் பதறி எழுந்து கையாட்டத் தொடங்கியது.

"உக்காருப்பா, உக்காரு. என்கிட்ட ஆட வேணாம்."

அணில் உட்கார்ந்தது.

"நீ கம்யூனிகேஷன் படிச்சவன்னாங்க. ஒண்ணு கேக்கலாமா?"

அப்போதுதான் கோரா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கன்னத்து அணில் வியர்வையில் அழிந்து மீசையாகியிருந்தது. கையில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். 'பிராட்டில்வுட்டில் ஒருநாள் தகவல் தொடர்பியல் நிறைவு' என்று எழுதி, கோராவின் பெயர் போட்டு, டாக்டர் ஹேல் கையெழுத்திட்டிருந்தார்.

"அப்பா! எங்கெல்லாம் தேடுறது? எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. இங்க என்ன பண்றே?" அவளுக்கு விஷயம் புரிந்தது. "ஐயோ. அணில்கிட்டயுமா? மானமே போச்சு."

"பதில் சொன்னா வந்துடுறேன் கண்ணு. ஏம்ப்பா, என்ன வருது, என்ன போகுது?"

அணில் சுற்றுமுற்றும் பார்த்தது. வாயைச் சுட்டிக்காட்டியது. இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து இல்லை என்றது.

"பேசக் கூடாதாம்" என்றாள் கோரா, தன்னையறியாமல்.

அணில் தன் ஓக் கொட்டையை எடுத்தது. தையலைப் பிரித்தது. உள்ளேயிருந்து பஞ்சை முழுவதும் வெளியே எடுத்து மடியில் குவித்தது. குவியலைக் காட்டிவிட்டு, ஏதோ தாளை எண்ணுவதுபோல் விரலை விரலில் தேய்த்தது.

"அதான் சம்பளமா?" என்றாள் கோரா.

ஆமென்று தலையாட்டியது. குவியலில் பாதிக்கு மேல் அள்ளியது. கனவுத் துணை நிலையம் இருக்கும் திசையில் கையை நீட்டிக் காட்டிவிட்டு, அந்தப் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டது. மீதியில் ஒரு பெரிய கொத்தை எடுத்து, தலைக்கு மேல் கைகளைக் கூரைபோல் வைத்துக் காட்டியது.

"வாடகை."

மிச்சம் விரல்நுனியில் ஒரு பிசிறு. அதை வாயருகே கொண்டுபோய், சாப்பிடுவதுபோல் செய்து, பெரிய அணில் வயிற்றைத் தடவிக்கொண்டது. பிறகு தோளைக் குலுக்கியது.

கோரா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை வருஷமா கடன் கட்டுறீங்க?"

வால் ஆறு முறை தரையில் தட்டியது.

"அப்ப நிறையக் குறைஞ்சிருக்குமே?"

அணில் இரண்டு கைகளையும் தோள் அகலத்துக்கு வைத்தது. ஆரம்பத்தில் இவ்வளவு. அப்புறம் கைகளை விரித்தது. இன்னும் விரித்தது. ஒரு கை குப்பைத் தொட்டியில் இடித்தது, இன்னொரு கை சுவரில் இடித்தது. போதாமல் வாலையும் சேர்த்து நீட்டியது. இப்போது இவ்வளவு.

கோரா பனியன் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். தூரத்தில் முதல் மணி அடித்தது. கைதட்டல் கேட்டது.

அணில் துள்ளி எழுந்தது. பிரிந்த கொட்டைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, வாலைத் தூக்கிப் பிடித்து மேடையை நோக்கி ஓடியது. கட்டிப்பிடிக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

"வா" என்றார் வெண்டல். "உனக்கு வேணும்னா போட்டுடுறேன்டா. சத்தியமா போட்டுடுறேன்."

கோரா மேடையை நோக்கி நடந்தாள்.

*

மேடையில் எல்லாம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. கையெழுத்து, கயிறு, மணி, கைதட்டல், அணில், புகைப்படம். கையெழுத்து, கயிறு, மணி. டாக்டர் ஹேல் ஒலிவாங்கியோடு நின்று ஒவ்வொரு பெற்றோரிடமும் "என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் அழுதார்.

பிக்ஸ்பி குடும்பத்தின் முறை வந்தது. வெண்டல் கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

"வெண்டல்! சொல்லுங்க, இப்ப என்ன உணர்றீங்க?"

வெண்டல் ஒலிவாங்கியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அதுதான்.

"இவ்வளவு கடன் வாங்கினா எவ்வளவு சம்பளம் வரும்?"

டாக்டர் ஹேல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"என்ன ஒரு கேள்வி! நம்ம பெற்றோர்கள் எவ்வளவு ஆழமா சிந்திக்கிறாங்கன்னு பாருங்க! இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய கைதட்டல்!"

இடி முழங்கியதுபோல் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். தட்டி முடித்ததும், பதில் சொல்லப்பட்டுவிட்டது என்ற நிம்மதி எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"கோரா, கயிற்றை இழு கண்ணு! அப்பா கையெழுத்துப் போடட்டும்."

கோரா கயிற்றை இழுத்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். மணி ஆடியது, அடிக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணிக்குள் தலையை விட்டு, அதன் நாக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அணில். மணியோடு சேர்ந்து அதுவும் ஆடியது. விடவில்லை.

"சக்கி!" என்றார் டாக்டர் ஹேல் பல்லைக் காட்டியபடி. அணிலின் பெயர் அது. "சக்கிக்கு விளையாட்டு ஜாஸ்தி! விடு சக்கி!"

அணில் தலையை மட்டும் வெளியே எடுத்து, கோராவைப் பார்த்து மெதுவாக இடவலமாக ஆட்டியது. ஒரே ஒரு தடவை.

கோரா கயிற்றை விட்டாள். டாக்டர் ஹேலின் கையிலிருந்த ஒலிவாங்கியை மரியாதையாக வாங்கினாள். தொண்டையைச் செருமினாள். தினமும் காலையில் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடமே கேட்கும் குரல் வந்தது.

"மாலை வணக்கம். ஓர் அறிவிப்பு. பிரதான வாயிலை மறித்து ஒரு பச்சை நிற இழுவை டிரக் நின்றுகொண்டிருக்கிறது. மற்றவர்கள் வெளியே போக வழியில்லை. அதன் உரிமையாளர் தம் மகளை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். நன்றி."

வெண்டல் பேனாவை மூடி, துடைத்து, மேசை மேல் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அதையும் படமெடுத்துக்கொண்டார்கள்.

டிரக் வாயிலைத் தாண்டும்போது பின்னால் ஏதோ ஓடிவந்தது. அணில். சீட்டுக் கிழிந்துவிட்டது. கோரா கதவைத் திறந்தாள். வால் கதவில் மாட்டி, இழுத்து, உள்ளே வந்தது. கல்லூரிச் சுவர் முடிந்து, முதல் பெட்ரோல் பங்க் தாண்டிய பிறகுதான் அது தன் தலையைக் கழற்றியது. முப்பது வயது முகம், சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி.

"என் பேர் கர்ட்டிஸ்" என்றான். "குடிக்கத் தண்ணி இருக்குமா?"

*

இலையுதிர்காலத்தில் கோரா பக்கத்து மாவட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். சாயங்கால வகுப்பு, கட்டணம் அந்தந்த மாதமே கட்டினார்கள். பகலில் அப்பாவின் தொழிலுக்கு வயர்லெஸ்ஸில் வண்டிகளை அனுப்பும் வேலை. பழையதாக வாங்கிய இரண்டாவது டிரக்கை ஓட்டினான் கர்ட்டிஸ். வழியில் நின்றுபோனவர்களிடம் அவன் பேசும் பேச்சைக் கேட்டு, கார் ஓடத் தொடங்கிய பிறகும் டிரக்கைவிட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. ஞாயிறுகளில் கோரா உள்ளூர் வானொலியில் பன்றி விலையும் வானிலையும் வாசித்தாள்.

ஒருநாள் பிராட்டில்வுட்டிலிருந்து போன். டோபிதான். அவனை இப்போது புள்ளிவிவர அலுவலகத்தில் போட்டிருந்தார்கள்.

"வேலையில இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள் கோரா.

"என்ன வேலை?"

"பேசுற வேலைதான். வானொலி."

"கடன்?"

"இல்ல."

எதிர்முனையில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது.

ஒரு மாதத்தில் நெடுஞ்சாலையில் பெரிய பலகை எழும்பியது. ஆரஞ்சுப் பனியனில் கோரா. பின்னால் கண்ணீர் மல்க வெண்டல். ஓரத்தில் அணிலின் கை. 'பிராட்டில்வுட் தகவல் தொடர்பியல். வேலை: துறையிலேயே. கடன்: பூஜ்யம்.'

வெண்டல் டாக்டர் ஹேலுக்குப் போன் போட்டார். "அவ உங்க காலேஜ்லயே படிக்கலையே சார்!"

"ஒருநாள் படிப்பை நிறைவு செஞ்சிருக்கா வெண்டல். சான்றிதழ்ல என் கையெழுத்து இருக்கு. எங்க வரலாற்றுலயே செலவுக்கும் வருமானத்துக்கும் இவ்வளவு நல்ல விகிதம் யாருக்கும் வந்ததில்ல. பெருமைப்படுங்க!"

மறு வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒரு கார் புகைந்து நின்றுவிட்டதாகக் கோரா வயர்லெஸ்ஸில் சொன்னாள். வெண்டல் போனார். காருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்சீட்டில் அவர் மகள், கால் தரையில் பாவாமல். பிராட்டில்வுட் மணியடிப்புக்குப் போகிறார்களாம்.

அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அட, அது நீங்கதானே?"

"நான்தான். அது என் பொண்ணு."

"அந்தப் பூஜ்யம் நிஜமா? பொய் இல்லையே?"

"நிஜம்தாங்க. ஒரு காசு கடன் கிடையாது."

அந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார். மகள் காதில் விழக் கூடாதே. "எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அண்ணே. கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. கடனே இல்லாம எப்படி அந்தக் காலேஜை முடிச்சா?"

"அவ ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றார் வெண்டல்.

குனிந்து கொக்கியை மாட்டினார். சங்கிலியை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சொல்லுங்க, வண்டியை எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"